வகுத்தல் குறிக்குத் தடை போட்ட கெர்னல்

1,000 கோடியை 500 கோடியால் வகுத்தால் எவ்வளவு? இரண்டு. மூணாம் கிளாஸ் பையன் சொல்லிவிடுவான். லினக்ஸ் கெர்னலுக்குள்ளே டூ_டிவ் என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. இதே இரண்டு எண்களையும் மாறிகளில் போட்டு அதனிடம் கொடுத்தால் 14 என்று சொல்லும். எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஆடிட்டர் யாராவது இப்படி ஒரு விடையை எழுதினால் அடுத்த நாள் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

இந்த மேக்ரோ எதற்காக இருக்கிறது? சாதாரண வகுத்தல் குறியை 64 பிட் எண்களுக்குப் போடாதே, இதைப் பயன்படுத்து என்று சொல்வதற்காக. ஏன் போடக்கூடாது என்பதில்தான் வில்லங்கமே.

சி மொழியில் 64 பிட் எண் ஒன்றை இன்னொன்றால் வகுப்பது முழுக்கச் சட்டப்படியான காரியம். ஆனால் 32 பிட் சிபியுவுக்கு அதை ஒரே கட்டளையில் செய்யத் தெரியாது. அப்போது கம்பைலர் என்ன செய்யும்? தானே நீளமாக எழுதிக்கொண்டிருக்காமல், யுடிவ்டிஐ3 என்ற ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். யு என்றால் குறியில்லாத எண், டிவ் என்றால் வகுத்தல், டிஐ என்றால் இரட்டை அளவு முழு எண், 3 என்பது சம்பந்தப்பட்ட எண்கள் மூன்று என்பதற்கு. வைத்தவருக்கு ரசனை கொஞ்சம் கம்மி.) அந்த ஃபங்ஷன் லிப்ஜிசிசி என்ற நூலகத்தில் கம்பைலரோடு சேர்ந்தே வரும். சாதாரண புரோகிராம் எழுதுகிறவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

லினக்ஸ் கெர்னல் எக்ஸ்86, ஆர்ம் போன்ற பெரும்பாலான வகைகளில் லிப்ஜிசிசியை இணைப்பதில்லை. அதுவரை நியாயம்தான். அந்த நூலகம் சாதாரணப் புரோகிராம்களுக்காகத் தயாரானது, கெர்னலின் கட்டுப்பாடுகள் வேறு. அப்படியென்றால் அதே பெயரில் சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்துவிட்டுப் போகலாமே? ஃப்ரீபிஎஸ்டி அதைத்தான் செய்தது. அதன் லிப்கெர்ன் அடைவில் க்யூடிவ்ரெம் என்று ஒரு கோப்பு உண்டு. பெர்க்லியில் இருந்து வந்த சரக்கு, டொனால்ட் நூத் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் உள்ள முறையை வைத்து எழுதியது. நெட்பிஎஸ்டியிடமும் அதே குடும்பத்துச் சரக்கு இருக்கிறது. அங்கே வகுத்தல் குறி போட்டால் வகுக்கும். அவ்வளவுதான்.

லினக்ஸில் மட்டும் இது ஒரு கொள்கைப் பிரச்சினை. லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி மூத்தவர்கள் சொல்லும் காரணம் இது: 64 பிட் வகுத்தல் மெதுவானது, கெர்னலில் தெரியாமல் அதைச் செய்யக்கூடாது, ஃபங்ஷனை வைக்காமல் விட்டால் இணைக்கும்போதே பில்டு உடையும், எழுதியவர் ஒரு நிமிடம் யோசிப்பார். பெரும்பாலான நேரத்தில் வகுபடும் எண்தான் பெரிசு, வகுக்கும் எண் 32 பிட்டுக்குள் அடங்கும். அதற்கு முழு வகுத்தல் தேவையே இல்லை. மேல்பாதியை முதலில் வகுத்து, மீதியைக் கீழ்ப்பாதியோடு சேர்த்து இன்னொரு முறை வகுத்தால் போதும், பள்ளிக்கூடத்து நீள்வகுத்தல் மாதிரி. டூ_டிவ் செய்வது அதுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சத்தமாக உடைவது சத்தமில்லாமல் மெதுவாக ஓடுவதைவிட நல்லது என்ற வாதத்தையும் மறுக்க முடியாது. ஆனால் உடைவது யாருக்கு? கெர்னல் கோடு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்திருப்பது 64 பிட் கம்ப்யூட்டர் முன்னால். அங்கே வகுத்தல் குறி ஒரே கட்டளையாகிவிடும், யுடிவ்டிஐ3 வரவே வராது. அவர் நிம்மதியாக அனுப்பிவிடுவார். பிறகு ஏதோ ஒரு சோதனை ரோபோ 32 பிட்டுக்குக் கம்பைல் செய்து பார்த்துப் புகார் மின்னஞ்சல் அனுப்பும். அதற்கும் தப்பினால், பழைய ரவுட்டருக்குக் கெர்னல் கட்டும் யாரோ ஒருவர் தலையில் விடியும். உள் கட்டுப்பாடு என்றால் தவறு நடக்கும் மேசையில் இருக்க வேண்டும். வவுச்சர் இல்லாமல் பணம் கொடுத்த கேஷியரை விட்டுவிட்டு, மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வருகிறவரைப் பிடித்து உலுக்குவதற்குப் பெயர் கட்டுப்பாடா?

சரி, புகார் வந்தபிறகாவது யோசிக்கிறார்களா? திருத்தங்களைப் பாருங்கள். வகுத்தல் குறியை எடுத்துவிட்டு டிவ்64_யு64 என்று போட்டுவிடுவது வழக்கமான வைத்தியம். அது செய்வதும் அதே மெதுவான முழு வகுத்தல்தான். கெர்னலுக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கிறது, ஹேக்கர்ஸ் டிலைட் புத்தகத்து முறையைக் கொஞ்சம் மாற்றி எழுதியது. ஆக, சமையல்காரர் இருக்கிறார், அடுப்பு இருக்கிறது, அரிசியும் இருக்கிறது. கடை வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாட்டமாட்டார்கள் :-) யுடிவ்டிஐ3 என்ற பெயரில் இரண்டு மூன்று வரி எழுதி அந்த ஃபங்ஷனையே கூப்பிட்டால் வேலை முடிந்தது.

இன்னொரு வைத்தியம் டூ_டிவ். அது இதைவிட ஆபத்து. வகுக்கும் எண் 32 பிட் என்று அது தானாக எடுத்துக்கொள்ளும். பெரிய எண்ணைக் கொடுத்தால் மேல்பாதியை வெட்டி எறிந்துவிடும். 500 கோடியில் இருந்து 4,29,49,67,296 போனால் மிச்சம் 70,50,32,704. ஆயிரம் கோடியை இதால் வகுத்தால் 14. ஆரம்பத்தில் சொன்ன கணக்கு இதுதான். சரியாக 4,29,49,67,296 என்று கொடுத்தால் பூஜ்யத்தால் வகுக்கும். 64 பிட் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான், அங்கே வகுத்தல் குறி ஒழுங்காக வேலை செய்யும் என்றாலும்! போதாததற்கு, விடையைத் திருப்பித் தராது. கொடுத்த எண்ணையே மாற்றிவிட்டு மீதியைத் திருப்பித் தரும். இந்தப் பிழையைத் தேடிப் பிடிக்கவென்றே காக்சினெல் கருவிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கெர்னலோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காகப் போட்ட வேலியில் மாடு மாட்டிக்கொள்கிறது என்று வேலிக்கு ஒரு காவல்காரன்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை 2008-ல் நடந்தது. நேரத்தைக் கணக்கிடும் இடத்தில் ஒரு சின்ன லூப். நானோசெகண்ட் எண்ணிக்கை நூறு கோடிக்கு மேல் இருக்கும்வரை நூறு கோடியைக் கழி, ஒரு செகண்டைக் கூட்டு. பெரும்பாலும் ஒரு தடவைக்கு மேல் ஓடாது, அதனால் வகுத்தலைத் தவிர்த்துக் கழித்தலாகவே எழுதியிருந்தார்கள். மூத்தவர்கள் சொன்னதை அப்படியே கேட்ட சமத்துப்பிள்ளைக் கோடு. அந்த வருடம் வந்த ஜிசிசி 4.3 இதைப் பார்த்தது. அட, திரும்பத் திரும்பக் கழிப்பதென்றால் வகுத்தல்தானே என்று கண்டுபிடித்து, லூப்பைத் தூக்கிவிட்டு யுடிவ்டிஐ3-ஐக் கூப்பிட்டது. 32 பிட் பில்டு உடைந்தது. கோடில் ஒரு வகுத்தல் குறிகூட இல்லை! யாரை யோசிக்கச் சொல்வது இப்போது?

அதற்குச் செய்த திருத்தம் லூப்புக்குள்ளே ஒரு வெற்று அசெம்ப்ளி வரி. ஒன்றும் செய்யாது. இங்கே அந்த எண் மாறியிருக்கலாம் என்று கம்பைலரிடம் பொய் சொல்வது மட்டும்தான் அதன் வேலை.

கொள்கை என்றால் எல்லா இடத்திலும் ஒன்றாகவாவது இருக்க வேண்டும். கார்டெக்ஸ் ஏ8, ஏ9, முதல் ராஸ்பெர்ரி பை சிப் இவற்றில் 32 பிட் வகுத்தலுக்கே கட்டளை கிடையாது. அதற்கான ஃபங்ஷனைக் கெர்னல் தன் ஆர்ம் பகுதியில் எழுதி வைத்திருக்கிறது. அதுவும் மெதுவானதுதானே? 64 பிட் ஷிஃப்ட், பெருக்கல் இவற்றுக்கும் அதன் பொது நூலகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பாரிஸ்க், ஓப்பன்ரிஸ்க் வகைகள் லிப்ஜிசிசியையே இணைத்து வந்திருக்கின்றன. கிளாங் கம்பைலர் பிசிஎம்பி கேட்டது, 2019-ல் சேர்த்தார்கள். எஸ்டிபிசிபிஒய் கேட்டது, 2020-ல் அதையும் சேர்த்தார்கள். கம்பைலர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று அங்கெல்லாம் தோன்றியிருக்கிறது. வகுத்தல் மட்டும் என்ன பாவம் செய்தது?

நெட்வொர்க் பாக்கெட் பறக்கிற இடத்தில் முழு வகுத்தல் வந்தால் வலிக்கும் என்பது உண்மை. அங்கே டிவ்_யு64 போடட்டும், யார் வேண்டாம் என்றது? ஃபங்ஷனையும் வைத்துக்கொண்டு, கம்பைல் செய்யும்போது எந்தக் கோப்பு அதைக் கூப்பிடுகிறது என்று ஒரு எச்சரிக்கை காட்டலாம். 64 பிட்டிலும் அந்தச் சோதனையைச் செய்யலாம், அப்போதுதான் எழுதியவர் மேசையிலேயே அது தெரியும். 32 பிட்டுக்கு இனி எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள், வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்குள் என்ன சிப் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

அந்த வெற்று அசெம்ப்ளி வரி இன்னும் இருக்கிறது. 2008-க்குப் பிறகு கோப்பு மாறிவிட்டது, ஃபங்ஷன் பெயர் மாறிவிட்டது. கம்பைலர் இந்த லூப்பை வகுத்தலாக மாற்றிவிடாமல் தடுப்பதற்காக என்று மேலே ஒரு குறிப்போடு, போகிற இடமெல்லாம் கூடவே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.