எதிர்க்கடை
2004 நவம்பர் 9-ல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 பிரௌசர் வெளிவந்தது. பண்டமும் இலவசம், செய்முறையான சோர்ஸ் கோடும் இலவசம். (நெருப்பு நரி என்று மொழிபெயர்க்காதீர்கள், அது சிவப்பு பாண்டாவின் இன்னொரு பெயர்!)

போட்டுப் பார்த்தவர்கள், ‘அப்பாடா! பாப்-அப் விளம்பரத் தொல்லை விட்டது’ என்றார்கள். ஒரே ஜன்னலில் பத்துப் பக்கத்தை டேப் டேபாகத் திறக்க முடிந்தது. குறை? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சில தளங்கள் இதில் கோணிக்கொண்டு நின்றன.

பி.காம். படித்தவன் கண்ணில் படுவது வேறு. 2001-ல் ஆறாம் பதிப்போடு எக்ஸ்ப்ளோரர் காலை நீட்டிப் படுத்துவிட்டது. எதிர்க்கடை இல்லாத முதலாளி எதற்கு வெள்ளையடிக்கணும்? பாண்டா வந்தது, 2006-ல் ஏழாம் பதிப்பும் வந்தது. அதிலும் டேப்!

ஆக, ஃபயர்ஃபாக்ஸைத் தொடாதவருக்கும் லாபம். எதிர்க்கடையில் நீங்கள் வாங்காவிட்டால் போகிறது. அது திறந்திருக்கணும் சார்!