கடன் வாங்காமல் ஒரு பயணம்!
பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு லீவு எப்படி இனிக்கும்?

பரீட்சை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. இனி அவிநாசியில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்.

"லீவுக்கு எங்கே போகலாம்?"

கேட்பவர்கள் குழந்தைகள். பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. அவர் அம்மாவைப் பார்ப்பார். அம்மா அடுப்பைப் பார்ப்பாள்!

இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில் வருகிறது. "நமக்கு எதுக்கு ஊரும் உலகமும்? சும்மா இரு" என்பது ஒன்று. வட்டிக்குப் பணம் வாங்கி, வேன் பிடித்து, ஒரே ராத்திரியில் மூன்று ஊரைச் சுற்றிவிட்டு வருவது மற்றொன்று.

இரண்டுமே தவறு. பயணம் வேண்டும். ஆனால், கடன் வேண்டாம்.

பயணம் எதற்கு?

அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் பல வீடுகளில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். அவர் கட்டிங்கில் நிற்பார்; அவள் செக்கிங்கில் இருப்பாள். காலை எட்டரைக்குப் போனால், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார்கள். சரக்கு ஏற்றுமதி ஆகும் வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான்.

அப்பா வரும்போது பிள்ளை தூங்குகிறது. பிள்ளை எழும்போது அப்பா அவசரத்தில் இருக்கிறார். ஒரே வீடுதான். ஆனால், உட்கார்ந்து பேச நேரம் இல்லை.

அந்தப் பேச்சுக்காகத்தான் பயணம். மலையும் அருவியும் அதற்கு ஒரு சாக்கு!

இப்படிப் பார்த்தால், எவ்வளவு தூரம் போனோம் என்பது பெரிய விஷயம் அல்ல. எத்தனை ஊர் பார்த்தோம் என்பதும் அல்ல. எத்தனை மணி நேரம் சேர்ந்து இருந்தோம் என்பதே கணக்கு.

லீவு சலுகை அல்ல

"பீஸ் ரேட்டு வேலை. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் கவலை நியாயமானது.

ஆனால், ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், குறிப்பிட்ட நாட்கள் வேலை செய்த தொழிலாளிக்கு, ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் 1 நாள் சம்பளத்துடன் லீவு என்று வகுத்தது. 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது.

சட்டத்தில் இருப்பது கையில் கிடைக்க வேண்டும். அதை முதலாளிகள் மனம் உவந்து கொடுத்தால் அவர்களுக்கும் லாபமே. ஓய்ந்து வந்த கை, ஓவர்லாக் மெஷினில் தவறு செய்யாது. தூக்கம் தெளிந்த கண், செக்கிங்கில் ஓட்டையை விடாது.

தொழிலாளியும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆர்டர் மும்முரமாக இருக்கும் வாரத்தில் திடீரென்று நின்றுவிடக் கூடாது. ஒரு மாதம் முன்னதாகத் தேதி குறித்துக் கேட்டால், மறுப்பது கடினம்.

பணம் எங்கிருந்து வரும்?

தீபாவளி போனசை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் பலர். போனசுக்கோ துணி, பட்டாசு, பழைய பாக்கி என்று நூறு வாய் காத்திருக்கிறது!

அதைவிட நல்ல வழி, சனிக்கிழமைச் சம்பளம். சம்பளம் வாங்கிய கையோடு 200 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். 50 வாரத்தில் அது 10 ஆயிரம் ரூபாய்.

அந்தப் பணத்துக்குள் எத்தனை நாள் முடியுமோ, அத்தனை நாள் போனால் போதும். இரண்டு நாள் என்றால் இரண்டு நாள். ஒரு நாள் என்றால் ஒரு நாள். வட்டிக்கு வாங்கிப் போன பயணம் மூன்று நாளில் முடியும். வட்டி மூன்று வருஷம் வரும்.

உண்டியலைக் குழந்தை கையில் கொடுப்பது இன்னும் நல்லது. சேர்த்த பணத்தில் போகிற பயணத்தின் அருமை அதற்குத் தெரியும்.

எங்கே போகலாம்?

ஒரு பயணத்துக்கு ஒரே ஊர். இதுதான் முதல் விதி.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், திருப்பூர் பக்கத்திலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் குளம், 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வெளிநாட்டுப் பறவைகள் வருவது குளிர்காலத்தில். எனவே அரைப் பரீட்சை லீவே இதற்கு ஏற்றது.

அவிநாசிப் பிள்ளைகளுக்கு முதலைக் கதை புதிது அல்ல. முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்ட ஊர் ஆயிற்றே! நிஜ முதலையைப் பார்க்க விரும்பினால், உடுமலை அருகே அமராவதி அணைக்குப் போகலாம். காமராஜர் முதல்-அமைச்சராக இருந்த காலத்தில் கட்டிய அணை. அங்கே முதலைப் பண்ணை இருக்கிறது.

அந்தப் பக்கமே திருமூர்த்தி மலையும் பஞ்சலிங்க அருவியும் இருக்கின்றன. ஆனால், மேலே மழை பெய்தால் கீழே வெள்ளம் வரும். கீழே வெயில் அடிக்கிறதே என்று நம்பக் கூடாது. காவலர் "இறங்காதே" என்றால் இறங்காமல் இருப்பதே புத்தி.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு

அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரெயில் உண்டு. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய ரெயில் இது. 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

46 கிலோமீட்டர் தூரம் ஏற இந்த ரெயிலுக்கு சுமார் 5 மணி நேரம் ஆகும். செங்குத்தான பாதையில் வழுக்காமல் இருக்க, தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த பட்டை இருக்கிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பனியன் மெஷின் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சொந்தக் கார், மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூட்ட நெரிசல் காரணமாக, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையை ஐகோர்ட்டு உத்தரவுப்படி கொண்டுவந்தார்கள். 2025 கோடையில், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற கட்டுப்பாடும் வந்தது. புறப்படுமுன் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்வது அவசியம். அரசு பஸ்சிலும் ரெயிலிலும் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனால் காசும் மிச்சம், மலையும் சுத்தம்.

ரெயில் டிக்கெட்

தூரத்து ஊர் என்றால் ரெயிலே சுகம். முன்பு 120 நாள் முன்னதாக டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே மாதப் பயணத்துக்கு மார்ச் மாதமே உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் தேவை இல்லை.

ராத்திரி ஓட்டம் வேண்டாம்

"ராத்திரி கிளம்பினால் விடியற்காலை போய்விடலாம், ரூம் வாடகை மிச்சம்" என்பது பலர் போடும் கணக்கு. ஆபத்தான கணக்கு!

2020 பிப்ரவரி 20-ந் தேதி அதிகாலையை அவிநாசி மறக்காது. பெங்களூரில் இருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ் மீது, எதிர்ப்பக்கம் சென்ற கண்டெய்னர் லாரி, நடுத் தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் இறந்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டியவர்கள்.

நம் டிரைவர் விழித்திருந்தால் மட்டும் போதாது; எதிரே வருகிறவரும் விழித்திருக்க வேண்டும். பகல் முழுவதும் மெஷினில் நின்றவர், இரவில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே கூடாது. காலையில் புறப்பட்டு, இருட்டுவதற்குள் போய்ச் சேருவதே முறை. ரூம் வாடகையை மிச்சம் பிடித்து உயிரைச் செலவு செய்யலாமா?

அம்மாவுக்கும் லீவு வேண்டும்

கடைசியாக ஒன்று. ஆனால், இதுதான் முக்கியம்.

பல பயணங்களில் அப்பாவுக்கு லீவு, பிள்ளைகளுக்கு லீவு. அம்மாவுக்கு மட்டும் இல்லை. விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளற வேண்டும். மூட்டை கட்ட வேண்டும். போன இடத்திலும் பரிமாற வேண்டும். திரும்பி வந்ததும் அழுக்குத் துணி மலைபோலக் காத்திருக்கும்.

கட்டுச்சோறு நல்லதுதான். அதைக் கட்டுவதில் கணவரும் கை கொடுக்க வேண்டும். மூத்த பிள்ளை பையைத் தூக்க வேண்டும். ஒரு வேளையாவது அவளை ஓட்டலில் உட்கார வைத்து, சூடாகச் சாப்பிட வைக்க வேண்டும். எங்கே போகலாம் என்று முதலில் அவளைக் கேட்க வேண்டும்.

கம்பெனியில் ஒன்றரை ஷிப்டும் வீட்டில் அரை ஷிப்டும் பார்க்கிற பெண் அவள். குடும்பத்தில் அதிகமாகக் களைத்தவருக்கு ஓய்வு தராத பயணம், பயணமே அல்ல.