பேரேட்டுச் சாவி யாரிடம்?

அடக்க விலையைச் சரக்கின் மேல் கடைக்கு மட்டும் தெரிந்த குறியெழுத்தில் எழுதி வைப்பது நம் வணிகர்களிடையே இருந்த பழக்கம். கடைப்பையனுக்கு விற்கும் விலை தெரியும், வாங்கிய விலை தெரியாது. பேரேட்டைக் கணக்குப்பிள்ளை எழுதினாலும் இரவில் அது முதலாளியின் பெட்டிக்குள் போய்விடும். இதை யாரும் சந்தேகப் புத்தி என்று குறை சொன்னதில்லை. இப்போது அதே பேரேடு செல்போனுக்கு வந்திருக்கிறது. பெட்டிக்கும் சாவிக்கும்தான் பல கடைகளில் ஏற்பாட்டைக் காணோம்.

விழுப்புரத்தில் மொத்த மளிகை, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளித் திண்டிவனத்தில் கிளை என்று வைத்துக்கொள்வோம். இங்கே பில் போட்டவுடன் இருப்பு, விற்பனை, வரவேண்டிய பாக்கி எல்லாம் அங்கே திரையில் தெரிகிறது. துவரம்பருப்பு எத்தனை மூட்டை என்று மணிக்கொரு தரம் போனில் கேட்ட தொல்லை ஒழிந்தது. இந்த வசதியை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், தாளில் எடுத்துக் கொடுத்த கணக்கு அந்தத் தேதியோடு நின்றுவிடும். மூலக் கணக்கோடு நேரடியாக இணைத்த அறிக்கை நிற்காது. வேலையை விட்டுப் போன மேலாளர் ஆறு மாதம் கழித்து எதிர்க்கடையில் உட்கார்ந்து திறந்தாலும், அன்று காலை கொள்முதல் விலையைக் காட்டும், நாம் அனுமதியை நீக்காத வரையில்.

நம்மில் பலர் செலவில்லாமல் பயன்படுத்துவது கூகுள் ஷீட்ஸ். அதில் இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்து, அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அது யார் யாரிடம் போகிறது என்பது நம் கையில் இல்லை. தாளை மறைத்து வைத்திருக்கிறோம் என்ற தைரியமும் வேண்டாம். பிரதி எடுப்பதைத் தடுத்து வைக்காவிட்டால், பார்க்க மட்டும் அனுமதி பெற்றவர்கூடப் பிரதி எடுத்து மறைத்த தாளைத் திறந்துவிடலாம்.

இதைவிட நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. கிளைக்கென்று தனி ஷீட் போட்டு, தலைமைக் கடை ஷீட்டிலிருந்து இருப்பை மட்டும் 'இம்போர்ட்ரேஞ்ச்' சூத்திரத்தால் இழுப்பார்கள். முதல் முறை அனுமதி கேட்கும், கொடுப்போம். அதன்பின் கிளை ஷீட்டைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் சூத்திரத்தை மாற்றி, தலைமை ஷீட்டின் எந்தப் பக்கத்தையும் இழுத்துக்கொள்ள முடியும். இருப்புக்குக் கொடுத்த அனுமதி அடக்க விலைக்கும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகிறது. கிளைக்குத் தேவையானதை மட்டும் நடுவில் ஒரு தனிக் கோப்பில் வைத்து, அதைத் திருத்தும் உரிமையை முதலாளி தம்மிடமே வைத்துக்கொண்டு, அதோடு மட்டும் கிளையை இணைப்பதே சரி.

பெரிய மொத்தக் கடைகள் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐக்குப் போகின்றன. திண்டிவனம் மேலாளருக்குத் திண்டிவனம் வரிகள் மட்டும் தெரியும்படி அதில் கட்டுப்பாடு வைக்கலாம். அந்தக் கட்டுப்பாடு பார்வையாளராக இருப்பவரைத்தான் கட்டும். அறிக்கையைத் திருத்தவும் செய்யட்டும் என்று பணியிடத்தில் அவருக்குப் பெரிய உரிமை கொடுத்தால், எல்லா வரிகளும் தெரியும். இணையத்தில் வெளியிடும் வசதியை அமுக்கிவிட்டாலோ கடவுச்சொல்லே வேண்டாம், உலகமே பார்க்கலாம்.

இது சிறு கடைக்காரனின் அறியாமை என்று நினைக்க வேண்டாம். 2021இல் அப்கார்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் தளங்களில் 47 நிறுவனங்களின் 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்ததை வெளியிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஃபோர்டும் அதில் உண்டு. யாரும் பூட்டை உடைக்கவில்லை. அனுமதிக் கட்டுப்பாடு தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும் என்று அமைத்திருந்தார்கள், பலர் இயக்கவில்லை.

நமக்கு மிகவும் உறுத்துவது கடன் பாக்கிப் பட்டியல். மயிலம் பக்கத்துச் சிறு கடைக்காரர் நமக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது நம் ரகசியம் மட்டுமல்ல, அவருடைய மானமும்கூட. வசூலுக்குப் போகும் பையனுக்கு அவன் போகும் ஊர்களின் பாக்கி தெரிந்தால் போதும். பெயர், போன் எண் போன்ற விவரங்களைக் காக்க 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்யவேண்டிய காரியமா இது?

மைத்துனர் மகனிடம் போய் அனுமதியை எப்படி எடுப்பது என்ற சங்கடம் குடும்பக் கடைகளில் இருக்கிறது. ஆளுக்கு என்று இல்லாமல் வேலைக்கு என்று அனுமதி வைத்தால் மனத்தாங்கல் வராது. வேலை மாறினால் அனுமதியும் மாறும்.

டிஸ்ட்ரிபியூட்டர்களின் பாடு வேறு. கம்பெனி கொடுக்கும் மென்பொருளில் பில் போட்டால், எந்தக் கடைக்கு எவ்வளவு போனது என்பது நேராகக் கம்பெனிக்குத் தெரிகிறது. ஏஜென்சி கைமாறிய பிறகு அந்தக் கடைப்பட்டியல் யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்க வேண்டும். தனி ஒருவர் கேட்டு நடக்காது. நம் சங்கமே முன்னின்று கேட்க வேண்டும்.

அதற்கு முன் ஒவ்வொருவரும் கடையில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு ஷீட்டையோ அறிக்கையையோ யாருடைய மின்னஞ்சலில் உருவாக்கியிருக்கிறார்கள்? கம்ப்யூட்டர் பையன் தன் சொந்த முகவரியில் போட்டிருந்தால், கூகுள் கணக்கில் உரிமையாளர் அவன்தான். அவன் மாற்றிக் கொடுத்து, நாம் ஏற்றுக்கொண்டால்தான் உரிமை நம் பெயருக்கு வரும். அவன் கடையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.