டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் ஹோம்மேட் டோனர் கெடாதா?

கற்றாழை ஸ்ப்ரே, ரோஸ் டோனர், கண்ணாடி துடைக்கும் லிக்விட்... எதை வீட்டிலேயே செய்யச் சொல்லும் வீடியோவாக இருந்தாலும், ஒரு வரி அடிக்கடி வரும். ‘டிஸ்டில்டு வாட்டர் சேருங்க, மாசக்கணக்குல கெடாது.’

டிஸ்டில்டு வாட்டர் சேர்ப்பது நல்லதுதான். ஆனால், ‘கெடாது’ என்பதை நம்பினால் பாதிக்கப்படுவது நம் முகம்தான்.

அது என்ன தண்ணீர்?

தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் அதுதான் டிஸ்டில்டு வாட்டர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘காய்ச்சி வடித்த நீர்’. நமக்கு இது புதுசும் இல்லை. சித்த மருத்துவத்தின் ஓமத் தீநீரும், கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீரும் இப்படி ஆவியிலிருந்து வடிப்பவைதான்.

ஆவி மேலே போகும்போது உப்பு கூடப் போகாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும். வெறுமனே கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் கிருமி சாகும், உப்பு முழுசாகப் போகாது. ஆர்.ஓ தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் கொஞ்சம் இருக்கும்.

நம்ம பக்கத்துக்கு ஏன் முக்கியம்?

மடத்துக்குளம், உடுமலை வட்டாரத்தில் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் பக்கெட் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்புத்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவு உப்பு உள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் பிரியும். அதே தண்ணீரில் லிக்விட் சோப் செய்தால் கலங்கிப்போகும். கண்ணாடி துடைத்தால் கோடு விழும்.

திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது பாலபாடம். உப்புத் தண்ணீரில் சாயம் ஒரே சீராக ஏறாது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரைத் துளிகூட வெளியே விடக் கூடாது என்ற நிலை வந்தது. ஆர்.ஓ-வில் பிரித்தது போக மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, அதன் ஆவியையும் தண்ணீராக்கித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நாம் பாட்டிலில் வாங்குவதும் இதே தத்துவம்தான்.

உப்பு போகும்... கிருமி?

இங்கேதான் கவனம் தேவை. மூடியைத் திறந்த நிமிடமே காற்றிலும் கையிலும் இருக்கும் கிருமி உள்ளே போய்விடும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, வேறு சத்தே இல்லாத டிஸ்டில்டு வாட்டரில்கூடப் பெருகும் என்று 1971-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அவர்கள் சோதித்தது மருத்துவமனைகளில் இருந்த தண்ணீரை! அதில் நாம் கற்றாழையையும் ரோஜா இதழையும் வேறு போடுகிறோம். கிருமிக்கு அது விருந்து.

1980-களில் அமெரிக்காவில் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்கள் சிலருக்குக் கருவிழியில் கடுமையான தொற்று வந்தது. காரணம், அகாந்தமீபா என்ற நுண்ணுயிர். விசாரித்தபோது, அவர்களில் பலர் உப்பு மாத்திரையை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, லென்ஸ் திரவத்தை வீட்டிலேயே தயாரித்தவர்கள் என்று தெரிந்தது. கண்ணில் படும் எதையும் வீட்டில் செய்யாதீர்கள்.

‘விட்டமின் ஈ கேப்ஸ்யூல் உடைச்சு ஊத்தினேனே?’ என்று கேட்கலாம். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். கிருமியைக் கொல்லாது.

என்ன செய்யலாம்?

* தண்ணீர் சேர்ந்த டோனர், ஸ்ப்ரே எல்லாம் சின்ன பாட்டில் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று நாளில் முடியுங்கள். வாடையோ நிறமோ மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

* கடலைமாவு, பயத்தமாவு, சீயக்காயைப் பொடியாகவே வைத்திருங்கள். அன்றன்றைக்குக் குழைத்துக்கொள்ள நல்ல குடிதண்ணீர் போதும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

* கண்ணாடி துடைக்க வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலக்கலாம், கோடு விழாது. ஆனால் வினிகருடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

* இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், குழாய்த் தண்ணீர் ஆகாது. ஸ்டீம் அயர்ன் பாக்ஸுக்கு அதன் கையேட்டில் சொன்ன தண்ணீர்.

* பெட்ரோல் பங்க்கில் கேனில் விற்கும் பேட்டரி தண்ணீரை முகத்துக்கு எடுக்காதீர்கள். உப்பு இல்லை என்பதற்கு மட்டும்தான் அதில் உத்தரவாதம். முகத்துக்கு என்றால் மெடிக்கலில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் வடிக்கலாமா?

வடிக்கலாம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், நடுவில் ஸ்டாண்டு மேல் ஒரு கிண்ணம், மேலே மூடியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஐஸ் கட்டி. ஆவி மூடியில் பட்டுக் கிண்ணத்தில் சொட்டும். ஆனால், ஒரு லிட்டர் வடிக்கக் குறைந்தது 80 முதல் 100 கிராம் கேஸ் எரியும். டோனருக்கு நாலு ஸ்பூன் வேண்டுமானால் சரி, கேன் கணக்கில் என்றால் சிலிண்டர் தாங்காது.

விற்கிறவர்களுக்கு...

தெரிந்தவர்களுக்குத்தானே என்று வாட்ஸ்அப்பில் க்ரீம், டோனர் விற்கும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்க, 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். லேபிளில் ‘ப்ரிசர்வேட்டிவ் இல்லை’ என்று பெருமையாகப் போடுகிறோம். தண்ணீர் சேர்ந்த க்ரீமில் அப்படிப் போட்டால், ‘சீக்கிரம் கெடும்’ என்றுதான் அர்த்தம். வாங்குகிறவர் அதை மூன்று மாதம் வைத்துப் பூசுவார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருக்கும் ஹோம்மேட் பாட்டில் ஒவ்வொன்றிலும் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள். தேதி ஞாபகம் வராத பாட்டில் நேராக சிங்க்குக்குப் போகட்டும்.