கொதிக்க வைத்தால் சாதி சாகுமா?

மஞ்சள் காமாலை பரவினால் 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்கிறது அரசு. ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள் மலம் கலந்த நீரில் பரவுகின்றன; நன்றாகக் கொதித்தால் சாகின்றன. கர்ப்பிணிகளின் உயிரையே பறிக்கக்கூடியது இ வகை. ஆனால் ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா வரை பாலாற்றில் கலந்த தோல் கழிவின் உப்பும் குரோமியமும் கொதித்தால் போகாது. 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்று 1996இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தபோது நாடே அதிர்ந்தது. சாக்கடைக்குள் உடைந்து கிடக்கும் குழாய் அதையே சத்தமில்லாமல் செய்கிறது. அதற்கு யார்மீது வழக்கு? சேரிக்கு அறிவுரை வேண்டாம். குழாயை மாற்று. குளோரின் அளவைத் தினமும் தெருவில் எழுதி வை.