டாக்டருக்குப் பாடம் ஊருக்கே வரட்டும்!

5 ஆண்டுக்கு 30 மணி நேரம் டாக்டர்கள் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்கிறது 2002 விதி. நடப்பதென்ன? பெரும்பாலும் நகரத்தில் கருத்தரங்கு, சாப்பாடு, சான்றிதழ். ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பூட்டிட்டா கிராமத்து டாக்டர் போவார்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் டாக்டர் சஞ்சீவ் அரோராவைப் பார்க்கவே 8 மாதம் காத்திருந்தார்கள். 2003-ல் அவர் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் வீடியோவில் ஊர் டாக்டர்கள் கூடுவார்கள். அவரவர் நோயாளியின் கேஸ்தான் பாடம். 2011-ல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஊர் டாக்டர்களிடமும் குணமானோர் ஏறக்குறைய சமம்: 58 சதவீதம்!

மதுரைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறி அலையுற நம்ம சனங்களுக்கு இதன் அருமை தெரியும். நம்ம அரசு மருத்துவக் கல்லூரிகளும் அந்தந்த மாவட்ட டாக்டர்களோடு வாரம் 1 மணி நேரம் இப்படி உட்காரணும். அதை அரசு பணி நேரமாகவே கணக்கில் எடுக்கணும்!