பெயரால் நேரும் பிழை

இராணிகஞ்சு, ஜாரியா முதலிய நிலக்கரி வயல்களின் களிப்பாறைகளைப் பிளந்து நோக்கின், நாவின் வடிவினவாகிய இலைப் பதிவுகளைக் காணலாம். இவற்றிற்குக் குளோசாப்டெரிஸ் என்று பெயர். அக்கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'நாப்பெரணி' என்பதாம். மொழிபெயர்ப்பாளனாகிய யானும் ஒருமுறை அவ்வாறே எழுதிவிட்டேன். அது பிழை, சொல்லளவில் நின்றுவிடும் பிழையுமன்று.

1828-இல் இப்பெயரைச் சூட்டிய பிரெஞ்சு அறிஞர் அடால்ஃப் பிரோஞ்ஞார் இலைகளைக் கொண்டே இதனைப் பெரணி எனக் கருதினார். 1952-இல் தென்னாப்பிரிக்காவின் எட்னா பிளம்ஸ்டெட் அம்மையார் இலைகளோடு இணைந்த இனப்பெருக்க உறுப்புகளை விவரித்தார். இது விதைத் தாவரம் என்பது இன்று உறுதி.

இதனால் விளையும் வேறுபாடு யாது? மெய்யான பெரணிகள் ஸ்போர்கள் எனும் நுண்தூளால் பரவுவன. அத்தூளைக் காற்று கடல் கடந்தும் கொண்டு செல்லும். 1883-இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்து அத்தீவின் பசுமை அழிந்தது. மூன்றே ஆண்டுகளில் அங்குப் பதினொரு வகைப் பெரணிகள் காணப்பட்டன. ஆதலின், இரு கண்டங்களில் ஒரே பெரணி இருப்பது மட்டும் அவை முன்பு இணைந்திருந்தன என்பதற்குச் சான்றாகாது.

விதைகளோ அவ்வளவு எளிதில் பெருங்கடலைத் தாண்டுவனவல்ல. குளோசாப்டெரிஸ் தழைத்த பெர்மியன் காலம், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதன் பதிவுகள் இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகியவற்றில் கிடைக்கின்றன. 1912-இல் அண்டார்க்டிகாவில் உயிர்நீத்த ஸ்காட் குழுவினர் இறுதிவரை இழுத்து வந்த சுமார் 16 கிலோகிராம் பாறைகளிலும் அவை இருந்தன. இந்நிலங்கள் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்தன என்பதற்கு ஏனைய பாறைச் சான்றுகளோடு இதுவும் வலுவான சான்றாயிற்று. இதனைப் பெரணி என்று கற்பிப்போமாயின், காற்றே கொண்டுசேர்த்தது என ஒரு மாணவன் வாதிடலாம். அவனுக்கு நம்மிடம் விடை இராது.

ஆகவே, ஆசிரியர்கள் இதனைக் குளோசாப்டெரிஸ் என்றே வழங்கி, விதைத் தாவரம் எனத் தெளிவுறுத்துதல் நன்று. களப்பணியாளர் ஒவ்வொரு பதிவிலும் இடத்தையும் பாறையடுக்கையும் தவறாது குறித்தல் வேண்டும். இடமறியாத இலை அழகிய கல்லே. இடமறிந்த இலையோ கண்டங்களின் வரலாற்றுக்குச் சான்று.